என் மனைவியின் உயரமும் ஒரு வெள்ளை வேட்டியும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புதுச்சேரிப் பக்கம் பாகூருக்கு வெளியே, அறுவடை முடிந்த ஒரு நெல் வயலில், ஐம்பது பேர் பார்க்க என் மனைவியின் உயரத்தை அளந்தார்கள்.

அளந்தது சாந்தி. மதகடிப்பட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவள். அளவுக்கு அவள் கடையில் விற்கிற இரும்பு டேப். பார்வையாளர் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், குடை பிடித்தபடி என் அம்மா.

"அஞ்சடி... சுத்தமா அஞ்சடி," என்றாள் சாந்தி.

அம்மா குடையை மடக்கினாள்.

"இன்னாது? அஞ்சடியா? ஜாதகத்துக்குப் பின்னாடி அவுங்க அப்பா அஞ்சடி மூணுன்னு இல்ல எழுதிக் குடுத்தாரு!"

"அத்த, அது செருப்போட எடுத்த அளவு," என்றாள் என் மனைவி கலை.

"காபி எடுத்தாந்தப்போ வெறுங்கால்ல இல்ல வந்த? அப்பயும் அஞ்சடி மூணாத்தான் தெரிஞ்ச!"

"நீங்க ஒக்காந்துனு இருந்தீங்க அத்த. ஒக்காந்து பாத்தா எல்லாரும் ஒயரந்தான்."

வயல் முழுக்கச் சிரிப்பு. வரப்பில் நின்றிருந்த இரண்டு கொக்குகள்கூட எதையோ புரிந்துகொண்டதுபோல எழுந்து பறந்தன. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அத்தனை வருஷமும் என் வீட்டில் மூன்று அங்குலம் இல்லாமலே இருந்திருக்கிறது... ஒருவரும் தேடவில்லை!

எதற்கு இந்த அளவு என்று கேட்கிறீர்களா?

பேஸ்பாலுக்கு.

ஆமாம், அமெரிக்காக்காரர்கள் ஆடுகிற அதே பேஸ்பால்தான். பள்ளிக்கூட நாளில் பி.டி. மாஸ்டர் விசில் ஊதினார் என்பதற்காக அதை ஆடிய பெண்கள் எங்கள் பக்கம் நிறைய. படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வளர்ந்தார்கள். போன வருஷக் கோடையில் சாந்திதான் ஆரம்பித்தாள். நாற்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள், தாண்டியதை ஒப்புக்கொள்ளாதவர்கள் என்று ஒன்பது பேரைச் சேர்த்தாள். அது பாகூர் அணி. செய்தி கேட்டுக் கரியமாணிக்கத்திலிருந்து இன்னொரு அணி கிளம்பியது. எங்கள் லீக்கில் மொத்தம் இரண்டே அணிதான். அதனால் எந்த ஞாயிறானாலும் அது ஃபைனல்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நான்கே வரி. ஒருவர் எறிவார், ஒருவர் மட்டையோடு நிற்பார். முழங்காலுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ், மட்டைக்காரர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டுக்கு நேராகப் பந்து வந்தால் அது நல்ல பந்து. அதை அடிக்காமல் விட்டால் 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அந்த எல்லைக்கு வெளியே போனால் அது வெறும் 'பால்'. நான்கு பால் ஆனால் மட்டைக்காரர் அடிக்கவே வேண்டாம், முதல் பேஸுக்கு நடந்தே போகலாம்; மூன்று பேஸையும் தாண்டித் தட்டுக்குத் திரும்பினால் ஒரு ஓட்டம்.

சரி, முழங்கால் எது, நெஞ்சு எது என்று யார் சொல்வது?

அம்பயர்.

அம்பயர் யார்?

நான்தான். விளையாட்டு தெரியும் என்பதற்காக என்னைப் பிடிக்கவில்லை. மனைவி பாகூர் அணியில் ஆடுகிறாள், அம்மா பிறந்த ஊர் கரியமாணிக்கம். இரண்டு ஊருக்கும் சொந்தக்காரன், ஆகவே யாருக்கும் ஓரவஞ்சனை செய்யமாட்டான் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அம்மாவோ முதல் நாளே நாற்காலியைக் கரியமாணிக்கத்துப் பக்கம் போட்டுக்கொண்டாள். "பொறந்த ஊரு பொறந்த ஊருதான்டா," என்றாள். மருமகள் மட்டை பிடிக்கும்போதெல்லாம் மாமியார் எதிர் அணிக்குக் கை தட்டுகிற காட்சியை எங்கள் வயலில் மட்டும்தான் பார்க்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின ஞாயிறு, கலை மட்டை பிடித்து நின்றாள். கடைசி ஆட்டக்காரி. பந்து வந்தது. அவள் அசையவில்லை. நான் கையைத் தூக்கி, "ஸ்ட்ரைக் மூணு... அவுட்!" என்றேன். பாகூர் தோற்றது.

அவள் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்தாள். மட்டையைப் பழைய அரிசிச் சாக்கில் சுற்றினாள்.

"இன்னும் ஒரே மேட்ச்சுங்க. சாந்திக்கு வாக்குக் குடுத்துட்டேன். அத ஆடிட்டு இத பரண்ல போட்டுடறேன்."

"ஏன்?"

"கண்ணு போச்சு. வெளிய போவுதுன்னு நெனச்சு விட்டா, நல்ல பந்துன்றீங்க. ஒரு தடவ ரெண்டு தடவயா? போன வருஷத்துலேர்ந்து இதே கதை. எது உள்ள, எது வெளியன்னு பாக்கத் தெரியாதவ எதுக்கு மட்டய தூக்கினு நிக்கணும்?"

வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சில் விடையை மறைத்து எழுதுகிறவனைக் கரும்பலகையைப் பார்த்தபடியே கண்டுபிடிப்பவள். அவளுக்குக் கண் போய்விட்டதாம்! மறுநாளே மதகடிப்பட்டுக் கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்து எழுத்தெல்லாம் படித்துக் காட்டிவிட்டு வந்தாள். "பவர் ஏறவே இல்லைன்றாரு. அந்த மிஷின் சரியில்ல போல," என்றாள்.

நான் வாசல் கேட்டுக்கு எண்ணெய் போடப் போய்விட்டேன். எண்ணெய் போடுகிற அவசரம் அந்தக் கேட்டுக்கு இல்லை, எனக்குத்தான் இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் சாந்தி போனில் ஒரு செய்தியைப் படித்துவிட்டாள்.

அமெரிக்காவின் பெரிய லீக்கில் விதிகளை மாற்றிவிட்டார்களாம். பந்து உள்ளேயா வெளியேயா என்று கேமராக்கள் கணக்கெடுக்கின்றன. அம்பயர் சொன்னது தப்பு என்று தோன்றினால் மட்டைக்காரரோ, எறிபவரோ, பிடிப்பவரோ தலையைத் தட்டலாம். உடனே இயந்திரம் தீர்ப்பு சொல்லும். ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு. கேட்டது சரியென்றால் வாய்ப்பு கையிலேயே இருக்கும், தப்பென்றால் ஒன்று போச்சு. எல்லாவற்றுக்கும் மேலே — எல்லை ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொருவரையும் ஷூ இல்லாமல் நிறுத்தி அளந்து, உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு, கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே இன்னொரு கோடு. அப்படி அளந்ததில் அங்கேயும் சிலர் புத்தகத்தில் போட்டிருந்ததைவிடக் குட்டையாக இருந்தார்களாம்.

ஆக, ஜாதக உயரம் நம் ஊரில் மட்டும் இல்லை!

"நம்மளும் கொண்டாந்துடலாம்ணா," என்றாள் சாந்தி.

"கேமராவுக்கு எங்க போறது?"

"உங்க வேட்டி ஒண்ணு குடுங்க."

கேமரா கேட்டால் வேட்டி என்கிறாளே என்று விழித்தேன். அவள் விளக்கினாள். தட்டுக்கு ஓரடி பின்னால் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டுவது. எறிபவர் ஒவ்வொரு தடவையும் பந்தைச் செங்கல் தூளில் உருட்டிவிட்டு எறிவது. பந்து வேட்டியில் பட்ட இடத்தில் சிவப்புப் பொட்டு விழும். தட்டின் அகலத்துக்கு வேட்டியில் நெடுக இரண்டு கோடு. உயரத்துக்கு — ஆளுக்கொரு சவுக்குக் குச்சி, அவரவர் உயரத்துக்கு வெட்டி, மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் பெயின்டில் வளையம். யாராவது தலையைத் தட்டினால் அந்த ஆளின் குச்சியைப் பொட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது. ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு முடிந்ததும் அதன் பொட்டுக்குக் கரியால் ஒரு டிக்.

செலவு? ஒரு வேட்டி. என்னுடையது. அதுவும் மயில்கண் கரை போட்டது.

இயந்திரம் வந்தால் மனிதத்தன்மை போய்விடும் என்று எழுதுவதற்குப் பத்திரிகையில் பத்தியும் கவிதையும் எழுதுகிற எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பயரின் பிழையும் ஆட்டத்தின் அழகுதான், பிழையில்லாத உலகில் கவிதைக்கு இடமேது... என்றெல்லாம் அன்றைக்கே மனசுக்குள் இரண்டு பாரா ஓட்டிவிட்டேன். பிழை செய்கிறவனுக்குத்தான் பிழை அழகாகத் தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிறு வந்தது. அளவெடுப்பு முடிந்தது. கலை மட்டுமா? கரியமாணிக்கத்துக் கேப்டன் அமுதா இரண்டு அங்குலம் குறைந்தாள். நான்கு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவள், வயலில் நடந்து வந்தால் எனக்கு எப்போதும் ஆறடியாகத் தெரிகிறவள். சாந்தியே ஒன்றரை அங்குலம் குறைந்து, டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கம்பெனிக்கு கம்ப்ளெயின்ட் போடணும்," என்றாள். ஒரே ஒரு பெண் மட்டும் ஓர் அங்குலம் கூடினாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளை குட்டை. அதனால் அவள் வீட்டில் குறைத்து எழுதியிருக்கிறார்கள்!

பெண்களின் உயரத்தைக் கால் தீர்மானிப்பதில்லை, தரகர் தீர்மானிக்கிறார்.

அடுத்து இன்னொரு விதி. எறிபவர் இழுத்தடிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் வினாடிகளை எண்ணுகிற கடிகாரம் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் கடிகாரம் இல்லை, கூட்டம் இருக்கிறது. இருபதுவரை எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணுவது என்று முடிவானது. எங்கள் ஆட்டத்தில் எறிபவரும் மட்டைக்காரரும் ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் பேசிக்கொள்வது வழக்கம். அமுதா பந்தைச் செங்கல் தூளில் உருட்டிக்கொண்டே, "யக்கா, உங்க நாத்தனார் பொண்ணுக்கு அந்த எடம் முடிஞ்சுதா?" என்று கேட்பாள். மட்டைக்காரி, "எங்க, பையன் வூட்ல—" என்று ஆரம்பிப்பாள்.

"பதினெட்டு... பத்தொன்பது..." என்று கூட்டம் கத்தும்.

"ஏய், இருங்கடி! பையன் வூட்ல இன்னா சொன்னாங்கன்னு கேக்க வேணாவா?" என்பாள் அமுதா.

கேட்க வேண்டும்தானே? மூன்றாவது இன்னிங்ஸிலேயே விதியைத் திருத்தினோம். சாதாரணப் பேச்சுக்கு இருபது, கல்யாணப் பேச்சுக்கு நாற்பது. அமெரிக்காவில் பேஸ்களைப் பெரிதாக்கிய விதியை மட்டும் நாங்கள் கண்டுகொள்ளவில்லை. வைக்கோல் அடைத்த யூரியா சாக்குகள்தான் எங்கள் பேஸ். அதைவிடப் பெரிதாக்கினால் யாராவது படுத்துத் தூங்கிவிடுவார்கள்.

ஆட்டம் ஆரம்பித்தது. வேட்டியில் ஒவ்வொன்றாகப் பொட்டு விழுந்தது. வெள்ளைத் துணியில் செந்நிற நட்சத்திரங்கள்... காற்றடித்தால் ஒரு சின்ன வானமே அலைந்தது. நான் வேட்டிக்குப் பக்கத்தில் கழுத்தை நீட்டி நின்றேன். முதல் தலைத்தட்டல் சாந்தியுடையது. எறிந்தவள் பாகூர்க்காரி, நான் 'பால்' என்றேன், வேட்டியில் பட்டு விழுகிற பந்தைப் பிடிக்க நின்ற சாந்தி தலையைத் தட்டினாள். குச்சியை வைத்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் சரி. பாகூருக்கு ஒரு வாய்ப்பு போச்சு. அமுதா ஒன்று கேட்டாள். அதிலும் நான் சொன்னதுதான் சரி.

"பரவால்லியே! கவிஞருக்கு ரெண்டு கண்ணும் இருக்குது," என்றாள் அமுதா.

நான் நிமிர்ந்து நின்றேன். என் வேட்டி என் பக்கம்தான் பேசியது.

கடைசி இன்னிங்ஸ். பதினொன்றுக்குப் பதினொன்று. பாகூர் மட்டை. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் ஆள். ஒரு ஓட்டம் வந்தால் பாகூருக்கு வெற்றி. கையில் ஒரே ஒரு தலைத்தட்டல் மிச்சம்.

மட்டை பிடிக்க வந்தாள் கலை.

அரிசிச் சாக்கிலிருந்து மட்டையை உருவிய விதத்திலேயே தெரிந்தது. விடைபெற வந்தவள்போல இருந்தாள். புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றாள். வெயில் சாய்ந்து, அறுத்த நெல்தாள்கள் எல்லாம் தங்கக் குச்சிகளாக மின்னின. அமுதா எறிந்தாள். பந்து உயரமாக வந்தது. கலை விட்டாள்.

"ஸ்ட்ரைக்!" என்றேன்.

அவள் கை மட்டையிலிருந்து எழுந்தது. தலைவரை வந்தது. ஆனால் தட்டவில்லை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. அவளுக்கே நம்பிக்கை இல்லை. சாந்தி கத்தினாள்: "கேளுக்கா!" கலை வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

அடுத்தது காலடியில். பால். அடுத்ததை அடித்தாள், பந்து கோட்டுக்கு வெளியே சிதறியது. அதுவும் ஸ்ட்ரைக் கணக்கு, இரண்டாவது. அப்புறம் ஒன்று வெளியே, இன்னொன்றும் வெளியே. மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இனி நடுவே எதுவும் இல்லை. அடுத்த பந்து நல்லதென்றால் அவுட். கெட்டதென்றால் கலை முதல் பேஸுக்கு நடப்பாள், மூன்று பேஸிலும் ஆள் இருப்பதால் எல்லோரும் ஒரு பேஸ் நகர, மூன்றாவதில் நிற்பவள் தட்டுக்குத் திரும்பி வந்து சேர, பாகூர் ஜெயிக்கும்.

அமுதா கல்யாணப் பேச்சு எதுவும் பேசவில்லை. கூட்டம் எண்ணவும் மறந்தது.

பந்து வந்தது.

உயரம். கலை பார்த்தாள், விட்டாள். வேட்டியில் 'தொப்' என்று சத்தம்.

என் கை தானாக மேலே போனது. "ஸ்ட்ரைக் மூணு! அவுட்!"

கரியமாணிக்கம் குதித்தது. அம்மா குடையைத் தலைக்கு மேல் சுழற்றினாள். சாந்தி கையிலிருந்த கரித்துண்டைத் தரையில் எறிந்தாள். கலை மட்டும் நகரவில்லை. மட்டையைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி, தன் தலையை இரண்டு தடவை தட்டினாள்.

கரியமாணிக்கம் பாதிக் குதியில் நின்றது.

சாந்தி ஓடிப்போய் கலையின் குச்சியை எடுத்து வந்தாள். டிக் இல்லாத ஒரே ஒரு பொட்டு, இன்னும் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குச்சியை நிறுத்தினாள். அமுதா வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து சாந்தியைப் பார்த்தாள்.

"தள்ளுங்கடி," என்று ஒரு குரல். நாற்காலியை விட்டு எழுந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். கரியமாணிக்கத்தின் சார்பில் ஆய்வு! கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டினாள். பொட்டைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வெளியதான்டா. எத்தினி தூரம் வெளிய! உனுக்கு கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?"

"இல்லம்மா... அஞ்சடி மூணுன்னே இத்தன வருஷமா மனசுல பதிஞ்சுபோச்சு. அந்தக் கணக்குல—"

"டேப்பக் குடு சாந்தி," என்றாள் கலை.

கணக்கு டீச்சர் வந்துவிட்டாள். குச்சியின் மேல் வளையத்திலிருந்து பொட்டுவரை அளந்தாள்.

"அஞ்சரை இஞ்ச்சு. எங்கப்பா கூட்டி எழுதினது மூணு இஞ்ச்சு. அதுல பாதிதான் கோட்டுக்கு வரும் — ஒன்றரை. ஒன்றரைக்கு எங்கப்பா ஜவாப்." டேப்பைச் சடாரென்று உள்ளே ஓடவிட்டாள். "மீதி நாலு இஞ்ச்சுக்கு யாரு ஜவாப்? நீ!"

வீட்டில் 'நீங்க' எப்போதாவது 'நீ' ஆகும். ஐம்பது பேர் முன்னால் ஆனது இதுதான் முதல் தடவை.



உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பந்து வந்தபோது நான் பந்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் குடையைப் பார்த்தேன். அமுதாவின் முகத்தைப் பார்த்தேன். 'பால்' என்று சொன்னால் என் மனைவி ஜெயித்துவிடுவாள். 'பொண்டாட்டிக்காகக் குடுத்துட்டான்' என்று கரியமாணிக்கத்து டீக்கடையில் நாளைக் காலையில் பேசுவார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் என் கையைத் தூக்கியது. ஒரு வருஷமாக அதுதான் தூக்கிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோரும் இப்படித்தான் இல்லையா? வாத்தியார் பிள்ளைக்குத்தான் வகுப்பில் முதல் அடி. பந்தியில் பாயசம் தீர்ந்துபோவது எப்போதும் விருந்து வைத்தவர் வீட்டார் இலையில்தான். தெருச் சண்டையில் தப்பு யார் மேல் இருந்தாலும், "நீ உள்ள போ!" என்று நாம் அதட்டுவது நம் பிள்ளையை. ஊர் நம்மை நியாயஸ்தன் என்று சொல்லவேண்டும். அதற்கான விலையை நம் வீட்டுக்காரர்கள் கொடுக்கவேண்டும். என்ன மாதிரி நியாயம் இது? மற்ற பதினேழு பேருக்கும் என் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஒருத்திக்கு மட்டும் நான்கு அங்குலம் தள்ளுபடி... அவளோ அதை நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"பால் நாலு," என்றேன். "நடக்கலாம்."

கலை மட்டையைக் கீழே வைத்தாள். நடந்தாள்.

ஓடியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவள் நடந்தாள். கோயிலைச் சுற்றி வருகிறவள்போல, ஒவ்வொரு அடியாக, தாள் நெரிபடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்க. ஒரு வருஷத்தில் அவள் வாங்கிய முதல் நடை அது.

"சீக்கிரம் போடி, பொழுது போவுது!" என்றாள் அம்மா.

"ஓட வேணாம்மா, நடந்தே ஜெயிக்கலாம்," என்றாள் சாந்தி.

"ஜெயிக்கட்டும், ஜெயிக்கட்டும். வெளிய போனது வெளியதான? எங்க ஊரு தோத்தாலும் நாயமா தோக்கும்," என்ற அம்மா, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினாள். மருமகளுக்காக அவள் தட்டியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் பேஸின் யூரியா சாக்கில் கலை இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். ஐந்தடிதான். அந்த வெளிச்சத்தில் அவள் பனைமரத்துக்குச் சமமாகத் தெரிந்தாள். அப்புறம் பாகூர் மொத்தமும் அவள் மேல் விழுந்து மூடிவிட்டதால் எதுவும் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. அமுதாவும் போய் அந்தக் குவியலில் விழுந்தாள். தோற்றவள் ஏன் விழுந்தாள் என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு குவியலைப் பார்த்தால் யாருக்கும் விழத் தோன்றும்.

அம்மா அன்று அமுதாவின் வண்டியில் ஏறி, பிறந்த ஊருக்கு ஆறுதல் சொல்லக் கிளம்பிவிட்டாள். நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில். கலை ஓட்டினாள். நான் பின்னால், செம்பொட்டு வேட்டியை மடியில் மடித்து வைத்துக்கொண்டு.

வாய்க்கால் மதகருகே வண்டியை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். நெசத்த சொல்லணும். தெரிஞ்சேதான் சொன்னியா?"

"...சில தடவ தெரிஞ்சுது."

"எத்தினி தடவ?"

"எண்ணல."

கலை சாவியைத் திருகி வண்டியை அணைத்தாள்.

"ஊரு இன்னா பேசும்னு ரோசன பண்ண. நான் இன்னா நெனப்பேன்னு ரோசன பண்ணியா? எனக்கு கண்ணு போச்சுன்னு நெனச்சேன்யா. கண்ணாடிக் கடைக்காரரு பாவம், நல்லா இருக்கும்மா நல்லா இருக்கும்மான்னு எத்தினி தடவ சொன்னாரு. அவர வுட்டுட்டு உன்ன நம்பினேன் பாரு..."

"தப்புதான் கலை. பெரிய தப்பு."

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்தது... ஆனால் அதன் ஓரத்தில் வேறொன்று பொங்கிக்கொண்டிருந்தது. அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"எனக்கு கண்ணு நல்லாதான் இருக்குதுங்க!" என்றாள். 'நீங்க' திரும்பிவிட்டது. "அந்தப் பந்து கையவுட்டு வந்தப்பவே தெரியும், மேலதான் போவும்னு. மொத பந்தும் மேலதான். போன வாரம் வுட்டதும் மேலதான். எல்லாமே நான் சரியாதான் பாத்திருக்கறேன்!"

வாய்க்காலுக்கும், கரும்புக்கும், எதிரே வந்த பால்காரருக்கும் கேட்கும்படி சொன்னாள். பால்காரர் ஒன்றும் புரியாமல், "ரொம்ப சந்தோசம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சாந்திக்கு போன் போடுங்க. அடுத்த வாரம் நான் மொதல் ஆளா எறங்கறேன்னு சொல்லுங்க. பரண் எல்லாம் கெடையாது."

போட்டேன். சொன்னேன். மறுமுனையில் சாந்தி போட்ட கூச்சலில் போனையே காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது.

"அப்போ அம்பயருக்கு வேற ஆள் பாக்கச் சொல்லட்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு? நீங்களே நில்லுங்க," என்று வண்டியைக் கிளப்பினாள். "தப்பா சொல்ல ஒரு ஆளு இருந்தாத்தான எதுத்துக் கேக்க ருசியா இருக்கும்? அதுக்கு உங்கள வுட்டா யாரு?"

புதுச்சேரியில் இந்தக் காலத்தில் நிரந்தர வேலை கிடைப்பது என்ன லேசா, சொல்லுங்கள்?